வாய்க்குள் வந்த கை

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம் வரும். ஏற்காட்டில் உசரமான இடம் அது, 5,300 அடிக்கு மேலே. ஏறி முடித்தால் மொட்டையாக ஒரு பொட்டல், ஓயாத காற்று, ஓரத்தில் குனிந்துதான் நுழைய முடிகிற ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடிகளின் சாமி. அந்தக் குகை பூமிக்குள்ளேயே போய்க் காவேரி ஆத்துல சேருது என்று எங்க ஆயா சொல்லும். எஸ்டேட் லைன்களில் பிறந்த எங்களுக்கு அது குலசாமி இல்லை. ஆனாலும் வருசா வருசம் போவோம். லீவு கிடைக்கிற நாள் அது ஒன்றுதான்.

போன வருசத் திருவிழாவில் பொரிகடலையை வாயில் போட்டுக் கடித்தேன். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிச் சொருகியது மாதிரி ஒரு வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ராத்திரிக்குள் கன்னம் வீங்கிவிட்டது. பல்வலிதானே என்று மற்றவர்கள் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் தாடைக்குக் கீழே கையை வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தது. அம்மா எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பல்வலி என்பது ஒரு சாவின் பெயர்.

1997இல் எனக்கு ஏழு வயசு. பெரியப்பனுக்குப் பல் வலித்தது. ஆயா கிராம்பை நசுக்கி வைத்தது. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்க வைத்தது. பூச்சி விழும் என்று நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சி விழவில்லை. ரெண்டாம் நாள் கன்னமும் கழுத்தும் ஒன்றாகிவிட்டன. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். கம்பவுண்டர் படிக்கு மேலே நின்றார், பெரியப்பன் படிக்குக் கீழே. "வாயத் தொற" என்று சொல்லி நாலு முழம் தள்ளி நின்று டார்ச் அடித்தார். பெரியப்பனால் ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. "தொறக்க மாட்டேங்கிறான், நான் என்னத்தப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டு மாத்திரையைத் தாளில் மடித்துப் படியில் வைத்தார். படியில்தான் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. மூணாம் நாள் எச்சிலைக்கூட முழுங்க முடியாமல் நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. மிளகு மூட்டை ஏற்றிவந்த ஜீப்பில் போட்டுச் சேலத்துக்கு இறக்கினார்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 11ஆவது வளைவிலேயே மூச்சு நின்றுவிட்டது என்று ஜீப்பில் போன சித்தப்பா சொல்வார். பல்லு வலியில யாராவது சாவானா, இது முனி அடிச்சது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அடுத்த அமாவாசைக்குக் கோழி அறுத்தார்கள்.

முனி அடிக்கவில்லை என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சேர்ந்த சீழ் தாடை எலும்பைத் தாண்டி நாக்குக்கு அடியில் இறங்கும். நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளும். மூச்சுக்குழல் அடைபடும். 1836இல் லுட்விக் என்கிற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதி வைத்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். பெனிசிலின் வருவதற்கு முன்னால் இது வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் செத்தார்கள். பெனிசிலின் 1940களிலேயே வந்துவிட்டது. என் பெரியப்பன் செத்தது 1997இல். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. மருந்தும் இருந்தது, சட்டமும் இருந்தது, டிஸ்பென்சரியும் இருந்தது. வாய்க்குள் போக ஒரு கை இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் கத்தியவார் ஆசிரியரின் மனைவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் சின்ன நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். 1929 டிசம்பரில் யங் இந்தியாவில் வந்த ஒரு கடிதம் அது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை. சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். பேசிக் கெஞ்சி, ரெண்டு ரூபாய் பீஸ் கொடுத்து, பெண்ணைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் புருசனிடம் கொடுத்தார், புருசன் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் திரும்பி வந்த தெர்மாமீட்டரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். நாடி பிடிக்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். தெர்மாமீட்டர் ஒரு கண்ணாடிக் குச்சி. கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கலாம். பல்லுக்கு அந்த வழியும் கிடையாது. அடுத்தவன் எச்சிலில் விரலை முக்காமல் எந்தப் பல்லையும் பார்க்க முடியாது.

எச்சில் என்பது எஞ்சு என்பதிலிருந்து வந்த சொல் என்று எம்.ஏ.வில் படித்தேன். எஞ்சியது எச்சம், எச்சில். மிச்சம் என்பதுதான் அதன் அடிப்பொருள். சங்க அகப்பாட்டில் தலைவியின் வாய்நீர் தேனாக இனிக்கும், அவள் பல் முல்லை அரும்பாக இருக்கும். பெரியபுராணத்தில் வேடன் கண்ணப்பன் வாயில் நீரைக் கொண்டுவந்து சிவலிங்கத்தின்மேல் உமிழ்வான், கறியைக் கடித்து ருசி பார்த்துப் படைப்பான். சிவன் ஏற்றுக்கொண்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். சரிதான். ஆனால் அதை நம்பச் செய்ய வேடன் தன் கண்ணைப் பிடுங்கி அப்ப வேண்டியிருந்தது. பூசாரி மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் இனித்த எச்சில் ஊருக்குள் வந்ததும் தீட்டானது. பேஷ்வாக்களின் பூனாவில் எச்சில் தரையில் விழக்கூடாது என்று தீண்டாதவர் கழுத்தில் மண்கலயம் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். நம் பக்கத்தில் கலயம் இல்லை. அதற்குப் பதிலாகக் கை இருந்தது. கை கட்டி வாய் பொத்தி நில் என்பது பணிவைச் சொல்ல வந்த மரபுத்தொடர் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்க தாத்தா தொரை பங்களா வாசலில் உண்மையாகவே வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார். அவர் மூச்சும் எச்சிலும் படக்கூடாது. அதற்குத்தான் அந்தப் பணிவு.

இந்த வாய்க்குள் கை வைக்காதவர்கள் வேறு எதையெல்லாம் ஊற்றினார்கள் என்பது தனி வரலாறு. கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குத் தண்டனை சாணிப்பாலும் சவுக்கடியும். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டிப் போராடித்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. சரி, பழைய காலம் என்று சொல்லலாமா? 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளைச் சூட்டுக்கோலால் சுட்டு, ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். அப்போதும் அடித்தவன் கை வாய்க்குள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் கையை வைத்தே நம் வாயில் வைத்தான்.

வைத்தியத்தைத் தொடுவதே இழிவு என்று இந்த நாட்டில் எப்போது ஆனது? சுசுருதர் பல் சுரண்டவும் பிடுங்கவும் தனிக் கருவிகளைச் சொல்கிறார், தந்தசங்கு என்று ஒன்றுக்குப் பெயரே இருக்கிறது. ஆனால் மனு வைத்தியன் கொடுக்கும் சோற்றைச் சீழுக்குச் சமமாக வைக்கிறான். வைத்தியனைச் சிராத்தத்துக்குக் கூப்பிடாதே என்கிறான். சீழைத் தொட்டவனே சீழ். அந்தத் தர்மசாஸ்திர மரபிலேயே பல்குச்சிக்கும் சட்டம் உண்டு. குச்சியின் நீளம் வருணம் இறங்க இறங்கக் குறையும், பெண்ணுக்கு எல்லாரையும் விடக் குட்டைக் குச்சி. வேப்பங்குச்சியை ஒடித்து அதிலும் அடுக்கு வைத்த மூளைகளை என்ன சொல்வது! படித்தவன் சுவடியோடு நின்றுகொண்டான். ரத்தத்தையும் சீழையும் தொடுகிற வேலை கத்தி வைத்திருந்த நாவிதரிடம் வந்து சேர்ந்தது. தமிழில் அந்தச் சாதிக்கு மருத்துவர் என்றே பெயர், பிரசவம் பார்த்த அவர்கள் வீட்டுப் பெண் மருத்துவச்சி. ஐரோப்பாவிலும் சவரக்காரர்தான் பல் பிடுங்கினார். லண்டனில் 1540இல் சவரக்காரரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கம், 1745இல்தான் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு அங்கே அறுவை வைத்தியர் மதிப்பாக மேலே போனார். இங்கே மருத்துவர் என்ற சொல்லை எம்.பி.பி.எஸ். எடுத்துக்கொண்டது, அந்தச் சாதிக்கு அம்பட்டன் என்ற வசவு மிஞ்சியது.

இதில் நாம் மறைத்துவிடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. ஊர் நாவிதர் சேரிக்கு வரமாட்டார். தான் தீட்டுப் பட்டவர் என்று மேலே இருப்பவன் சொன்னதை அவர் கீழே இருப்பவனிடம் திருப்பினார். சேரிக்கு வைத்தியம் சேரிக்குள்ளிருந்துதான் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த வைத்தியர் என்பதை நாம் அவருடைய பௌத்தத்தையும் 1907இல் அவர் தொடங்கிய ஒரு பைசாத் தமிழனையும் பேசுகிற வேகத்தில் மறந்துவிடுகிறோம். பண்டிதர் என்பது அவருக்கு வைத்தியத்தாலும் வந்த பட்டம். அவரும் நீலகிரி மலையில் வாழ்ந்து இயங்கியவர்தான். தாம்பரம் சித்த மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். எங்க ஆயாவின் கண்டங்கத்திரிப் புகைக்கும் இந்த மரபில் ஒரு மூலை உண்டு என்று நினைக்கிறேன். அது பெரியப்பனைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பல்லில் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியாவிலேயே இருந்தது. பிரான்சில் பியேர் ஃபோஷார் 1728இல் புழு இல்லை என்று எழுதினார். 1890இல் மில்லர் வாய்க்கிருமிகளைப் பற்றிப் புத்தகமே போட்டார். அந்தச் செய்தி எங்கள் லைனுக்கு 1997வரை வந்து சேரவில்லை. மலைக்குக் காப்பிச் செடி சீக்கிரம் வந்துவிட்டது. 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். என்னைவிட வயது குறைந்த பெண். பேர் கேட்டார், வயது கேட்டார், சர்க்கரை இருக்கா என்று கேட்டார். ஊர் கேட்டபோது ஏற்காடு என்றேன், ஏற்காட்டில் எங்கே என்று கேட்பார் என உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டுக் கன்னத்தை ஒதுக்கி, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஒரு கணம் எனக்குக் கையுறைமேலேயே கோபம் வந்தது. பிறகுதான் படித்தேன், 1980களில் எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பல் வைத்தியர்கள் கையுறை மாட்டப் பழகினார்கள், அதுவரை வெறுங்கைதான். எல்லா வாய்க்கும் ஒரே உறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிடுங்கிடுங்க என்றேன். எங்கள் வீட்டில் வலித்த பல்லைப் பிடுங்குவார்கள், பல்லைக் காப்பாற்றுவது என்பது தெரியாது. "ஏன் பிடுங்கணும்? வேர் நல்லா இருக்கு. ரூட் கெனால் பண்ணலாம்" என்றார். எத்தனை ஆகும்? மூவாயிரத்து ஐநூறு, கேப் தனி. ரெண்டு மாசமாகச் சேர்த்தேன். அதற்குள் வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்தார்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்பதிலும் யார் பல் என்ற கேள்வி உண்டு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகளின் பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிப் பணக்காரர் ஈறில் சூட்டோடு சூடாக நட்டார்கள். 1815இல் வாட்டர்லூவில் செத்த சிப்பாய்களின் பல் பொய்ப்பல் செட்டுகளாக விற்றது. அமெரிக்க விடுதலையின் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது: நீக்ரோக்களிடம் வாங்கிய ஒன்பது பல்லுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங். சுதந்திரம் பெற்றவன் அடிமையின் பல்லை விலைக்கு வாங்கியிருக்கிறான். அந்த ஒன்பது பல் யார் யாருடையவை என்று கணக்குப்பிள்ளை எழுதவில்லை. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர், செத்த பல்லை வாயில் வைத்து அடைப்பதுதான் உடம்பின் பல வியாதிக்கும் காரணம் என்று மான்ட்ரியலில் பேசினார். அதற்குப் பிறகு பல வருசம் நல்ல பல்லையெல்லாம் பிடுங்கித் தள்ளினார்கள். தப்பு என்று தெரிய முப்பது வருசம் போல ஆயிற்று.

முதலில் மரத்துப்போக ஊசி. அந்த மருந்து 1943இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தது. பிறகு பல்லில் துளை. துளை போடுவது புதிசு இல்லை. பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடத்தில் 9,000 முதல் 7,500 வருசத்துக்கு முந்தைய இடுகாட்டில், உயிரோடு இருந்தபோதே துளையிட்ட 11 கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. 2006இல் வெளியிட்டார்கள். மணி கோத்தவர்கள் கல்மணியில் துளை போட்ட அதே கல்லூசித் துரப்பணம்தான் பல்லுக்கும் போயிருக்கும் என்கிறார்கள். இந்தத் துணைக்கண்டத்தின் முதல் பல் வைத்தியன் ஒரு கைத்தொழிலாளி. அவன் ஒருத்தன் வாய்க்குள் குனிந்து நின்றபோது வருணம் பிறக்கவே இல்லை.

துளைக்குள்ளே மெல்லிய ஊசியை விட்டு வேரின் நீளம் அளந்தார். எட்வர்ட் மேனார்டு என்ற அமெரிக்கர் 1838இல் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து முதல் வேர் ஊசி செய்தாராம். என் பல்லுக்கு இரண்டு வேர், மூன்று கால்வாய். ஊசி இறங்க இறங்க ஆயாவின் குகைதான் ஞாபகம் வந்தது. செத்த சதையைச் சுரண்டி எடுத்த பிறகு ஏதோ திரவம் ஊற்றிக் கழுவினார். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிளீச்சிங்! எங்கள் அக்கா நகராட்சிக் குப்பை வண்டியில் வேலை செய்துவிட்டு வரும்போது சேலையில் வரும் அதே வாசனை. சாக்கடை ஓரம் நம் ஆட்கள் தூவுகிற குளோரின் குடும்பத்துச் சரக்குதான், சோடியம் ஹைப்போகுளோரைட். அதைத் தூவுகிறவர்களைத் தொடமாட்டார்கள், அது எல்லார் பல் வேருக்குள்ளும் போகிறது.

அடுத்த முறை கால்வாயை அடைத்தார். இளஞ்சிவப்பாகக் குச்சி குச்சியாக ஒன்று. என்னங்க இது என்றேன். "குட்டாபெர்ச்சா, மரப்பால்" என்றார். மலேயா, சுமத்ரா, போர்னியோக் காட்டு மரத்தின் பால் அது. 1843இல் சிங்கப்பூரிலிருந்து மாதிரி லண்டனுக்குப் போனது. கடலடித் தந்திக் கம்பிக்கு மேலுறையாக அதைப் போட்டார்கள், 1851இல் இங்கிலீஷ் கால்வாயில், 1870வாக்கில் சென்னையிலிருந்து மலேயாவுக்கும். சாம்ராஜ்யம் பேசிக்கொண்ட கம்பி முழுக்க அந்தப் பால். பால் எடுக்க மரத்தையே சாய்த்தார்கள், சாய்த்தது காட்டுவாசிகள். மரம் தீர்ந்த பிறகு அதே மண்ணில் ரப்பர் வந்தது. ரப்பர் வெட்ட நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள் நம் ஆட்கள். கங்காணி பிடித்துக்கொண்டு போவதை 1938இல்தான் நிறுத்தினார்கள். எங்க தாத்தாவின் அண்ணன் ஒருத்தர் போய்த் திரும்பவில்லை. கங்காணி கூட்டிப்போனது கடல் தாண்டி, மேஸ்திரி கூட்டிவந்தது மலை ஏறி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தீவுகளின் மரப்பால் இன்று என் தாடைக்குள் இருக்கிறது.

மரப்பாலோடு குழைத்து வைத்த பசையில் கிராம்பு வாசனை. கிராம்பெண்ணெயும் துத்தநாகத் தூளும் சேர்ந்த பசை. ஆயா வைத்த அதே கிராம்பு. ஆயாவுக்குப் பொருள் தெரிந்திருந்தது. வேரைத் திறக்கத்தான் வழியில்லை.

பல் படிப்பு இந்தியாவில் 1920இல் கல்கத்தாவில் ரபியுதீன் அகமது வைத்த கல்லூரியோடு தொடங்குகிறது. பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. யார் படிக்கலாம் என்ற சண்டை அதற்குப் பின்னும் ஓயவில்லை. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் மருத்துவ இடத்தைக் காட்டித்தான் வகுப்புவாரி ஆணையை உடைத்தார்கள், அதே வருசம் அரசியல் சட்டத்தைத் திருத்தி மீட்க வேண்டியிருந்தது. 2017 செப்டம்பர் 1இல் அரியலூர் அனிதாவை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் வந்தது, பல் மருத்துவ இடங்களும் அதில் உண்டு. எனக்குப் பார்த்த பெண் யார், எந்தப் பக்கத்தவர் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது. வாயில் பஞ்சு இருந்தது.

ராத்திரி அம்மா போன் செய்தது.

"வலி இருக்கா பாப்பா?"

"இல்லம்மா. மரத்துக் கெடக்கு."

"டார்ச் அடிச்சுப் பாத்தாங்களா?"

"பெரிய லைட்டும்மா, தலைக்கு மேல."

"கையி உட்டுப் பாத்தாங்களா?"

"உட்டுத்தாம்மா பாத்தாங்க. ஒரு மணி நேரம் கையி உள்ளதான் இருந்துச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைனில் யாரோ ரேடியோ போட்டிருந்தது கேட்டது. பிறகு, கேப்புக்கு எவ்வளவு ஆகும், சீட்டுப் பணம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டது.